சுபம் பாயும் ஆடி மாத வைக்கோல் லாரியும்

ஒரு ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் தூங்க வைத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம், என்னையும் சேர்த்து, ஒரே ஒரு பிள்ளையைத் தூங்க வைக்க முடியாமல் தவிக்கிறவர்கள்.

அவருடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியாது. ரேஷன் கார்டில் ஏதோ ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் சுபம் பாய். படம் முடிந்ததும் திரையில் வருமே, அந்தச் சுபம். கூப்பிடுகிறவர்களுக்கும் அது வினோதமாகப் படவில்லை, அவருக்கும் படவில்லை. "சுபம் பாய், வெத்தலை இருக்கா?" என்று கேட்டால் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

அவரைப் பற்றி எழுதலாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன். எழுதத் தூண்டியது என் மூன்று வயது மகன். தஞ்சாவூரில் ஒரு மூன்றாவது மாடி வீட்டில் நானும் அவனும் இருக்கிறோம். அவன் அப்பா தோஹாவில். இரவுச் சாப்பாட்டுக்காகக் கையில் கொடுத்த போன் சாப்பாடு முடிந்தும் கையை விட்டு வருவதில்லை. ஒரு வீடியோ முடிகிறதே என்று நான் கையை நீட்டுவதற்குள் அடுத்தது தானாக ஆரம்பித்துவிடுகிறது. பிடுங்கினால் அழுகிறான். பிடுங்காவிட்டால் நான் அழுகிறேன். டாக்டர் ஒன்று சொல்கிறார், மாமியார் வேறொன்று சொல்கிறார், இரண்டையும் கேட்டுவிட்டு இரண்டும் சரியோ என்று குழம்பி உட்கார்ந்திருந்த ஓர் இரவில்தான் எனக்குச் சுபம் பாயின் ஞாபகம் வந்தது. முடிகிறது என்று சொல்லிவிட்டு உண்மையாகவே முடித்த மனிதர் அவர் ஒருவர்தான்.

கூத்தாநல்லூருக்குப் பக்கத்தில், பஸ் நிற்கும், ஆனால் கண்டக்டர் இறங்கி டீ குடிக்க மாட்டார் என்கிற அளவுக்கு ஒரு ஊர் எங்களுடையது. அப்போது வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். அப்படி ஒருவர் இல்லாத வீட்டில், "பையன் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கான்" என்றார்கள். ஊருக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு டிவிப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். பெட்டி வந்துவிட்டது, அதில் பார்க்க ஏதாவது வேண்டுமே என்று ரைஸ்மில் ஹாஜியார் தையல்கடை மாடியில் ஒரு டிஷ் வைத்து, ஊரெல்லாம் கேபிள் இழுத்தார். அதைப் பார்த்துக்கொள்ள வந்தவர்தான் பாய். கம்பத்தில் ஏறுவதும் அவர், கேசட் போடுவதும் அவர், இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவதும் அவர்.

இந்த அணைக்கும் வேலையில்தான் எல்லாமே இருக்கிறது. மற்ற ஊர்களில் கேபிள்காரர் படம் முடிந்ததும் பட்டனை அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். பாய் அப்படிப் போக மாட்டார். கல்யாண வீடியோ எடுக்கும் கேமராவைத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, ஊருக்கு முறைப்படி விடைகொடுத்துவிட்டுத்தான் போவார். அது ஒரு ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை ஒருவர் பறிக்கப் பார்த்தார். அது பின்னால் வரும்.

விடைகொடுக்க ஒரு கோட்டு வைத்திருந்தார். யாரோ ஒரு மாப்பிள்ளை கீழே தையல்கடையில் தைக்கக் கொடுத்துவிட்டு, வாங்காமலே சவுதிக்குப் போய்விட்ட கோட்டு. மாப்பிள்ளை ஒல்லி, பாய் அப்படியில்லை. அதனால் தையல்காரர் முதுகுப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை பிரித்துவிட்டார். முன்னால் பார்த்தால் மந்திரி, பின்னால் பார்த்தால் துணி காயப்போடும் கிளிப் நான்கு. இடுப்புக்குக் கீழே கட்டம் போட்ட கைலி. மைக்கில் இரைச்சல் வரும் என்று ஃபேனை நிறுத்திவிடுவதால், காலை ஒரு வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

வாளி விஷயம் எப்படித் தெரியும் என்றால், ஒருநாள் பேச்சின் நடுவே கேமரா தலைகுனிந்துவிட்டது. ஊர் முழுக்க ஒரு கைலி, இரண்டு முழங்கால், ஒரு வாளி. மேலேயிருந்து குரல் மட்டும் மிகுந்த கௌரவத்தோடு வந்துகொண்டிருந்தது. மறுநாள் அவரிடம் யாரும் சிரிக்கவில்லை. ஹாஜியார் மட்டும், "வாளி ஒழுகுது போல, புதுசு ஒண்ணு வாங்கிக்க," என்றார்.

பேச்சின் முதல் வரி வானொலித் தமிழ். "இத்துடன் இன்றைய நிகழ்ச்சிகள் இனிதே நிறைவடைகின்றன." அடுத்த வரியே எங்கள் ஊர்த் தமிழுக்கு இறங்கிவிடும்.

"கேஸை மூடுங்க. கோழியைக் கூடையில கவுத்தாச்சான்னு பாருங்க. நாளைக்குத் தண்ணி முறை கீழக்கரைக்கு. மேலக்கரை ஆளுங்க தூக்கத்துல எழுந்து போய் மடையைத் தொறக்க வேணாம், யாருன்னு எனக்குத் தெரியும். பச்சை கேட்டு வீட்டு அம்மாவுக்கு நாளைக்குச் சாயங்காலம் குவைத்துலேருந்து போன் வரும். பூத்துல வந்து உக்காந்துருங்க. போன தடவை மாதிரி பவுடர் பூச நேரம் எடுத்துக்காதீங்க. போன்ல தெரியாது."

பச்சை கேட் வீடு எங்களுடையது. அம்மா இரண்டு நாள் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பவுடரை மட்டும் விடவில்லை.

எல்லாம் சொல்லி முடித்ததும், பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் எழுதிய "சுபம்" என்ற அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடிப்பார். பிடித்துக்கொண்டே ஜன்னல் வழியாக ஊரை எட்டிப் பார்ப்பார். தையல்கடை மாடியிலிருந்து பார்த்தால் எந்த வீட்டுச் சுவரில் டிவியின் நீல வெளிச்சம் ஆடுகிறது என்று தெரியும். ஊரில் ஒரு வீட்டில் டிவி ஓடினாலும் அவர் நிலையத்தை அணைக்க மாட்டார். ஆள் உட்கார்ந்திருக்கும்போது கடையைச் சாத்துவது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. அதனால் அந்த வீட்டைச் சொல்லிக் கூப்பிடுவார்.

"பள்ளிவாசல் தெரு, முருங்கை மரத்து வீடு. சுபம்னு போட்டாச்சு. இன்னும் என்னத்தப் பாக்குறீங்க?"

அவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றால், பாய் யார் வீட்டைச் சொல்லப்போகிறார் என்பதைத்தான். ஊரே அதற்காகத்தான் டிவியை அணைக்காமல் காத்திருக்கும். ஊர் அணைக்கும் வரை பாய் அணைக்க மாட்டார், பாய் அணைக்கும் வரை ஊர் அணைக்காது. ஒருநாள் தன் முதலாளியையே கூப்பிட்டுவிட்டார். "ரைஸ்மில் வீடு. ஹாஜியாரே, படுங்க."

மறுநாள் காலை ஹாஜியார் மாடிப்படியை மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"ஏம்ப்பா, என் கேபிள்ல என் பேரையே சொல்றியா?"

"சொந்தக் கேபிள்னா தூங்க வேணாமா ஹாஜியாரே?"

"நான் படுக்கத்தான் எழுந்தேன். நீ யாரைச் சொல்லப்போறேன்னு பாத்துட்டுப் போலாம்னு நின்னேன்."

"எல்லாரும் அப்படித்தான் நிக்கிறாங்க. நான் எப்பத்தான் வீட்டுக்குப் போறது?"

இரண்டு பேரும் வெற்றிலை போட்டு யோசித்ததில் பிறந்ததுதான் மூன்று எண்ணும் வழக்கம். அன்று இரவு பாய் சொன்னார்: "எல்லாரும் சேர்ந்து அணைப்போம். நானும் அணைக்கிறேன், நீங்களும் அணைங்க. யாரும் யாரையும் ஏமாத்தக் கூடாது. ஒண்ணு. ரெண்டு. மூணு." மூன்றாவதில் ஊரின் அத்தனை சுவர்களும் ஒன்றாக இருண்டன. எங்கள் வீட்டில் அணைக்கும் பொறுப்பு என்னுடையது. "ஒண்ணு" வரும்போதே ஸ்விட்சில் விரல் வைத்திருப்பேன். ஒருநாள் "ரெண்டு"க்கே அணைத்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில் விடியும் வரை புரண்டதெல்லாம் உண்டு.

இப்போது பயந்த சுபாவம் என்று என்னைச் சொல்கிறார்கள். இது புதிதல்ல. வயல் வேலைக்குப் போன எங்கள் குடும்பத்தில் முதல் பாஸ்போர்ட் அப்பாவுடையது. அவர் குவைத்துக்குப் போன நாளிலிருந்து எனக்குக் கொல்லைக் கதவைப் பற்றிய கவலை வந்துவிட்டது. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பேன். வந்து படுப்பேன். தொட்டது தாழ்ப்பாளைத்தானா அல்லது கதவின் சட்டத்தையா என்று சந்தேகம் வரும். மறுபடியும் போவேன். அம்மாவுக்குப் பொறுமை தீர்ந்துபோய், ஒரு தீபாவளிக்குப் பாய்க்கு அதிரசம் கொண்டுபோனபோது என்னையும் இழுத்துப் போனாள்.

"பாய், இவகிட்ட நீங்களாவது சொல்லுங்க. ராத்திரியெல்லாம் கொல்லைக்கும் கூடத்துக்கும் நடக்குறா. நான் தாழ் போட்டுட்டேன்னு சொன்னா நம்ப மாட்டேங்குறா."

பாய் சிரிக்கவில்லை. அதிரசத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாரு சொன்னா நம்புவே?"

"நீங்க சொன்னா, பாய் மாமா."

அவர் தலையாட்டினார். பிறகு அம்மாவிடம், ஊர்க்கதை பேசுவதுபோலச் சொன்னார்: "நான் சவுதியில இருந்தப்ப ரூமுக்கு எட்டு பேரும்மா. ஒருத்தன் வேலைக்குக் கெளம்புவான், ஒருத்தன் வந்து படுப்பான். ஒரு டிவி. அது நான் போன அன்னைக்கு ஓடிட்டு இருந்துச்சு, நான் கெளம்புற அன்னைக்கும் ஓடிட்டு இருந்துச்சு. நடுவுல அணையவே இல்ல. எது ராத்திரி, எது பகல்னே தெரியாது. எப்படா ஒருத்தன் வந்து, இன்னைக்கு இவ்வளவுதான், போய்ப் படுன்னு சொல்லுவான்னு இருக்கும். யாரும் சொல்லல. அதான் இங்க வந்து நான் சொல்லிட்டு இருக்கேன்." அதிரசத்தை எடுத்துக் கடித்தார். "பாகு கொஞ்சம் முத்திப்போச்சு."

அன்று இரவு கேஸுக்கும் கோழிக்கும் நடுவில் ஒரு புது வரி வந்தது. "கொல்லைக் கதவு தாழ் போட்டாச்சான்னு பாருங்க." நான் போய்ப் பார்த்தேன். போட்டிருந்தது. வந்து படுத்தேன். தூங்கிவிட்டேன்.

ஊர் தூங்கவில்லை. என்றும் இல்லாமல் பாய் ஏன் கொல்லைக் கதவைச் சொல்கிறார் என்று ஊர் யோசித்தது. விடிவதற்குள், ஊருக்குள் திருடன் இறங்கிவிட்டான் என்று முடிவாகியிருந்தது. மதியத்துக்குள் திருடன் இரண்டு பேரானான். உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் பூசியிருப்பான், பிடித்தால் வழுக்கும் என்று பார்த்தவர்கள்போலச் சொன்னார்கள். இரும்புக்கடையில் தாழ்ப்பாள் தீர்ந்து, கடைக்காரர் தன் கடைக் கதவிலிருந்ததையே கழற்றி விற்றதாகக் கேள்வி. இளவட்டங்கள் கம்போடு காவல் சுற்றினார்கள். சுற்றி, விடியற்காலையில் வாய்க்கால் மடை ஓரம் சாக்கைப் போர்த்திக்கொண்டு குனிந்திருந்த ஓர் ஆளைப் பிடித்தும்விட்டார்கள். பனிக்காகச் சாக்குப் போர்த்தி, தன் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறதா என்று பார்க்க வந்த ஹாஜியார்தான் அது.

"ஏம்ப்பா கொல்லைக் கதவுன்னு சொன்னே?" என்று ஹாஜியார் தையல்கடைக்கு வந்து, அடிபட்ட கைகளைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"தாழ் போடுறது நல்லதுதானே ஹாஜியாரே."

அவ்வளவுதான் சொன்னார். பக்கத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்தாள். நான் தையல் மிஷினைப் பார்த்தேன். அந்த வரியை அதன் பிறகும் அவர் எடுக்கவில்லை. ஊரும் பழகிக்கொண்டது.

இப்படி நாங்கள் எல்லாரும் ஒழுங்காகத் தூங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஹாஜியார் கேபிளை விற்றார். "எனக்கு நெல்லு தெரியும், கம்பி தெரியாது," என்றார். வாங்கியவர் திருச்சிக்காரர். ஊர் ஊராகக் கேபிள் வாங்கிக்கொண்டிருந்தவர். வந்ததும் கடைத்தெருவில் பேனர் கட்டினார். இனிமேல் இருபத்து நான்கு மணி நேரமும் படம். விடைகொடுக்கும் வேலை கிடையாது.

முதல் வாரம் ஊர் கொண்டாடியது. இரண்டாவது வாரம் பால்காரர் பகல் பதினோரு மணிக்குப் பால் கொண்டுவந்தார், வாங்க யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் கணக்கு சார் கரும்பலகையில் ஒரு கோடு போட ஆரம்பித்து, தூங்கிக்கொண்டே சுவர் வரை போட்டுக்கொண்டு போனார். கவுக்க ஆளில்லாமல் கோழிகளைக் கீரி தூக்கியது. சலூன்காரரிடம் தலையைக் கொடுக்க எல்லாரும் பயந்ததால் ஊரே தாடியோடு திரிந்தது. நான் பழையபடி கொல்லைக்கும் கூடத்துக்கும் நடக்க ஆரம்பித்தேன். அம்மா எழுந்து வந்து, "போட்டாச்சுடி," என்பாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று குரலில் தெரியும்.

பாய் மாடியில் உட்கார்ந்து கேசட் மாற்றிக்கொண்டிருந்தார். கோட்டு கீழே தையல்கடையில் தொங்கியது. அம்மா ஒருநாள் கேட்டாள்: "என்ன பாய், இப்படி ஆயிடுச்சே?"

"அதாம்மா. ஒரு படத்துக்குச் சுபம்னு போடுது. உடனே அடுத்த படத்தை நான்தான் போடுறேன். அப்புறம் அந்தச் சுபத்துக்கு என்ன மரியாதை?"

திருச்சி முதலாளி மாதம் ஒருமுறை அம்பாசடரில் வருவார். அடுத்த முறை வந்தபோது அம்மா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தையல்கடை வாசலுக்குப் போனாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்தபடி நானும் போனேன்.

"ஐயா, ராத்திரி அஞ்சு நிமிஷம் பாய் பேசட்டுங்க. பேசிட்டு அணைச்சுடட்டும்."

"அதை யாரும்மா பாக்குறா?"

"நாங்கதாங்க பாக்குறோம்."

"அணைச்சு வச்சா விளம்பரம் குடுத்தவன் என்னை வந்து கேப்பான். புடிக்கலைன்னா உங்க வீட்டுல நீங்க அணைச்சுக்கங்க. ஸ்விட்ச் உங்ககிட்டதானே இருக்கு?"

கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது. அணைக்கத்தான் யாராலும் முடியவில்லை. முதலாளி மாடியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்: "அந்த ஆளு மூஞ்சி இனிமே டிவியில வந்தா, மறுநாள் அந்த ஆளு இங்க இருக்க மாட்டான். சொல்லிட்டேன்."

பாய்க்கு வேறு வேலை தெரியாது. திரும்பவும் சவுதிக்குப் போகிற வயசும் இல்லை. பெண்கள் வீட்டுக்குத் திரும்பினார்கள்.

எங்களுக்கு உதவி செய்தது ஒரு வைக்கோல் லாரிதான். தை மாத அறுவடை முடிந்த சமயம். வீட்டு உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று இரவில் கடைத்தெரு வழியாகப் போனபோது, குறுக்கே போன கேபிளை இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஊரில் அத்தனை டிவியும் நின்றது. என்ன ஆயிற்று என்று யாரும் வெளியே வந்து பார்க்கவில்லை. அப்படியே சரிந்து தூங்கினார்கள். மறுநாள் பால் நேரத்துக்கு வந்தது.

முதலாளி போனில் கேட்டார். பாய் உண்மையைச் சொன்னார்: "வைக்கோல் லாரிங்க."

மறுநாள் இரவும் வைக்கோல் லாரி வந்தது. அதற்கு மறுநாளும். யாரும் கூடிப் பேசவில்லை, யாரும் யாரிடமும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலாளி ஹாஜியாருக்குப் போன் செய்தால், "ஆமா தம்பி, லாரிதான்," என்றார் ஐந்து வேளை தொழுகிற ஹாஜியார். சொல்லிவிட்டு, முந்தின நாள் தெருவில் போன ஒரு வைக்கோல் வண்டியை நினைத்துத்தான் சொன்னேன் என்று தன் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாராம். எஸ்டிடி பூத்துக்காரர் லாரியின் நிறம்கூடச் சொன்னார்.

லாரி வருவதற்கு முன்னால் ஓர் அடையாளம் இருந்தது. படம் ஒருமுறை சிமிட்டும். சற்று நிறுத்தி, இன்னொருமுறை சிமிட்டும். மூன்றாவது முறை சிமிட்டும்போது அணைந்துவிடும். முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய் ஸ்விட்சில் விரலை வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. அன்று கொல்லைக்கு ஒரே ஒரு முறைதான் போனேன்.

இப்படியே தை போய், பங்குனி போய், சித்திரை வெயிலும் போயிற்று. ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைந்து, வயலெல்லாம் குறுவை நாற்று பச்சையாக நின்றது. அப்போதும் தினம் ஒரு வைக்கோல் லாரி வந்துகொண்டே இருந்தது. திருச்சிக்காரருக்கு நெல்லைச் சோறாகத்தான் தெரியும். அவருடைய டிரைவர் திருக்காட்டுப்பள்ளிக்காரர். ஒருநாள் வண்டி ஓட்டிக்கொண்டே சொல்லிவிட்டாராம்: "ஆடி மாசத்துல தினம் எங்கேருந்துங்க வைக்கோல் லாரி வரும்? அறுப்பு முடிஞ்சு எத்தனை மாசம் ஆச்சு."

அன்று மாலையே அம்பாசடர் எங்கள் ஊருக்கு வந்தது. முதலாளி ஹாஜியார் வீட்டுக் கூடத்தில் டிவிக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "இன்னைக்கு நிக்கட்டும். கையும் களவுமா புடிச்சு, காலையில கணக்கு முடிச்சு அனுப்புறேன்," என்றார்.

ஊருக்குச் செய்தி போய்விட்டது. அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு தையல்கடை மாடிக்கு ஓடினாள்.

"பாய், இன்னைக்கு ஒருநாள் லாரி வேணாம். ஓடிட்டே இருக்கட்டும். அந்த ஆளு வந்து உக்காந்துருக்காரு."

பாய் ஜன்னல் வழியாக ரைஸ்மில் வீட்டைப் பார்த்தார். "இன்னைக்கு ஓடுச்சுன்னா என்னைக்கும் ஓடிட்டே இருக்கும்மா," என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "கீழ போய் அந்தக் கோட்டை வாங்கிட்டு வா. கிளிப்பையும் கேளு."

அம்மாதான் கிளிப் மாட்டிவிட்டாள். அவசரத்தில் ஒன்று உடைந்தது.

படம் முடிந்தது. திரையில் கோட்டு போட்ட பாய் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"இத்துடன் இன்றைய நிகழ்ச்சிகள் இனிதே நிறைவடைகின்றன. வைக்கோல் லாரி எதுவும் வரலை. நான்தான் அணைக்கிறேன். சொல்லிட்டு அணைக்கிறதுதான் மரியாதை. கேஸை மூடுங்க. கோழியைக் கவுங்க. கொல்லைக் கதவு தாழ் போட்டாச்சான்னு பாருங்க." அட்டையைத் தூக்கினார், ஜன்னலைப் பார்த்தார். "ரைஸ்மில் வீடு. விருந்தாளி வந்துருக்காங்க. திருச்சியிலேருந்து வந்த அலுப்பு இருக்கும். நீங்களும் படுங்க ஐயா. ஒண்ணு. ரெண்டு. மூணு."

அடுத்து ரைஸ்மில் வீட்டில் நடந்ததை ஹாஜியார் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். முதலாளி துள்ளி எழுந்து, "டார்ச்சு குடுங்க, இப்பவே போறேன்," என்றிருக்கிறார்.

"வழியெல்லாம் சேறு தம்பி. மடை தொறந்து கெடக்கு. விடியட்டும்."

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அது என்ன சத்தம்?" என்றார்.

"தவளை."

"தினமும் கத்துமா?"

"கத்தும். டிவி ஓடினா கேக்காது."

அவர் மறுபடி எழுந்தார். தையல்கடை மாடிக்குத்தான் கிளம்புகிறார் என்று ஹாஜியார் பயந்தாராம். அவர் கொல்லைப் பக்கம் போய், கதவை அசைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஹாஜியார் தண்ணீர்ச் சொம்பு கொண்டுவந்து வைப்பதற்குள் நாற்காலியிலேயே குறட்டை.

காலையில் தையல்கடை வாசலில் ஊரே நின்றது. மாடியில் பாய் கோட்டை மடித்து மேஜையில் வைத்து, அதன் மேல் சாவியையும் வைத்திருந்தார். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் முதலாளி வந்தார். கன்னத்தில் நாற்காலிப் பிரம்பின் தடம். படியேறப் போனவர் பாதியில் நின்றார். பாய் இறங்கி வந்துவிட்டார்.

"என்னய்யா, அந்த வைக்கோல் லாரி..."

"இனிமே வராதுங்க. சாவி மேல இருக்கு."

முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாக எப்போது இந்நேரம் வரை தூங்கினோம் என்று யோசிப்பவர்போல இருந்தது.

"ஏன் வராது?" என்றார். "வரட்டும். ஆனா நேரத்துக்கு வரணும். விளம்பரக்காரன் கேட்டா லாரின்னு நான் சொல்லிக்கிறேன்."

காரில் ஏறும்போது கண்ணாடியை இறக்கி, "ஹாஜியார் வீட்டுக் கொல்லைத் தாழ்ப்பாள் லூசா இருக்கு. அதையும் சொல்லிடுய்யா," என்றார்.

அதன் பிறகு பல வருடங்கள் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் தூங்கியது. அப்பா திரும்பி வந்தார். நான் படிக்கப் போனேன். வீட்டுக்கு வீடு டிஷ் வந்தது, பிறகு போன் வந்தது. அவரவர் நேரத்துக்கு அவரவர் விழித்திருக்க ஆரம்பித்தார்கள். என் கல்யாணத்துக்குப் பாய் அதே கோட்டில் வந்திருந்தார். போட்டோவில் அவரை முன்பக்கம் மட்டும் எடுக்கும்படி அம்மா போட்டோகிராபரிடம் இரண்டு முறை சொன்னாள். இப்போது பாய் இல்லை.

போன வாரம் நான் ஒரு காலண்டர் அட்டையைக் கிழித்து, பின்னால் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். இது சரிதானா, பிள்ளை வளர்ப்பில் இதற்கெல்லாம் இடம் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. அட்டையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கேஸை மூட வேண்டும், கோழியைக் கவுக்க வேண்டும், கொல்லைக் கதவைத் தாழ் போட வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். மகன் போனிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். பிறகு ஒன்று, இரண்டு என்று நான் சொல்லும்போதே விரலைப் பட்டனில் வைத்துக்கொண்டான். மூன்றாவதில் அவனே அணைத்தான். அழவில்லை.

"கொல்லைக் கதவு தாழ் போட்டாச்சாம்மா?" என்று கேட்டான்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. கொல்லையும் கிடையாது, கதவும் கிடையாது. இருந்தாலும் தினமும் நாங்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். பாய் கேட்டால், போட்டாச்சு என்று சொல்ல வேண்டுமே.